இஸ்திரி ஐயாவின் கோட்டு

நான்கு நாட்களாக அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததைவிட வயிறு எரிந்ததுதான் அதிகம்.

எரியாமல் என்ன செய்யும்? வீட்டின் கடைக்குட்டி, போலீஸ்காரன், முப்பது வயது முடியாதவன், கிடங்குத் தெருவில் தன்னந்தனியாகத் திருடர்களிடம் மாட்டி, இரும்புக் கம்பியால் அடிபட்டுச் செத்துப்போனான். கையில் வயர்லெஸ் இருந்தது. அதில் பேச்சு போகாது, வராது. ஒரு மாதமாகவே அப்படித்தான். அடித்த இரண்டு பேரும் மறுநாளே பிடிபட்டு உள்ளே போய்விட்டார்கள். அவர்களைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். இந்தக் குடும்பம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது வேறொருவரை நினைத்து.

"துணைக்கு ஆள் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், அவராகவே போய்விட்டார். வீரம் இருந்தது, பாவம், விதிமுறைதான் தெரியவில்லை" என்று டி.வி.க்காரர்கள் முன்னால் நின்று செத்தவன் தலையிலேயே பழியைக் கட்டினாரே, அந்த மனுஷனை நினைத்து.

அவருக்கு இலாகாவில் இஸ்திரி ஐயா என்று பெயர். மடிப்புக் கலையாத உடுப்பு, மடிப்புக் கலையாத சிரிப்பு. அந்த வட்டாரக் காவல் நிலையங்களுக்கெல்லாம் அவர்தான் மேலதிகாரி.

செத்தவனை வீட்டில் சின்னவன் என்பார்கள். அவனுடைய அக்காவும் போலீஸ்தான். ஆனால் அவள் திருடனைப் பிடித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பணியில் இறந்துபோகும் போலீஸ்காரர்களை மரியாதையோடு வழியனுப்பி வைப்பதுதான் அவள் வேலை. பெட்டி மேல் போர்த்திய கொடியை மடிப்பது, தோள் கொடுக்கும் ஆறு பேரைப் பழக்குவது, துப்பாக்கி முழங்கும்போது எந்த நாற்காலியில் தாய் உட்கார வேண்டும், எந்த நாற்காலியில் உட்காரக்கூடாது என்று பார்ப்பது, அடக்கம் முடிந்து ஆறு மாதம் வரை அந்த வீட்டுக் கதவைத் தட்டி 'எப்படி இருக்கீங்க' என்று கேட்பது எல்லாம் அவள் பொறுப்பு. இலாகாவே அவளைக் கொடியக்கா என்று கூப்பிடும். அவளிடம் திட்டு வாங்கியவர்கள் மட்டும் முதுகுக்குப் பின்னால், 'கொடிய' என்று கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் 'அக்கா' என்பார்கள்.

முப்பத்தேழு பேரை வழியனுப்பியிருக்கிறாள். ஒரு அடி பிசகியதில்லை. முப்பத்தெட்டாவது, அவள் தம்பி. நாளைக் காலை பத்து மணிக்கு.

ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். அந்தக் கதைதான்.

*

காலை ஒன்பது மணிக்கு இஸ்திரி ஐயா கூப்பிட்டு அனுப்பினார்.

"வாங்கம்மா, உக்காருங்க. ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு சார்." அவள் உட்காரவில்லை.

"உங்க தம்பி எனக்குப் பிள்ளை மாதிரி. நாலு நாளா எனக்குத் தூக்கமே இல்லை."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். தூக்கமில்லாத மனுஷனின் கண்ணைப் பாருங்கள், இப்போதுதான் கழுவித் துடைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி இருக்கிறது. கொடியக்கா நாளைய நிகழ்ச்சிக்கான காகிதங்களை மேஜையில் வைத்தாள். ஊர்வல வழி, அணிவகுப்புப் பட்டியல், இறந்தவரின் சேவையைப் பற்றி மேடையில் படிக்க வேண்டிய பணிக்குறிப்பு. அவர் பச்சை மைப் பேனாவைத் திறந்து மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். எதையும் படிக்கவில்லை. அவர் எதையும் படித்துக் கையெழுத்துப் போட்டதாக இலாகாவில் யாரும் பார்த்ததில்லை.

பிறகு அவரும் ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"இது சும்மா ஒரு சம்பிரதாயம். வீட்ல மூணு பேரும் ஒரு கையெழுத்து."

அவள் படித்தாள். நின்ற காலில் யாரோ வெந்நீரை ஊற்றியது போலிருந்தது. 'காலமானவர் விதிமுறையை மீறித் தன்னிச்சையாகச் சென்றார் என்பதைக் குடும்பத்தார் ஏற்றுக்கொள்கிறோம். மேலதிகாரிகள் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.'

"போடலேன்னா?"

"நீங்களே எழுதின விதிதானே அது. பணியில குறை இல்லாம இறந்தவருக்குத்தான் முழு மரியாதை. என் பரிந்துரை இல்லேன்னா கொடி இல்ல, துப்பாக்கி இல்ல, அணிவகுப்பு இல்ல. நாலு பேரு தூக்கிட்டுப் போய் அடக்கம் பண்ண வேண்டியதுதான். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வந்துட்டா நான் பரிந்துரை பண்றேன். ஆணையரே நேர்ல வர்றார். அவர் பக்கத்துல நின்னு நானே உங்க வீட்டுக்குக் கொடியக் குடுக்கறேன்."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதற்கு இவரைவிடக் கைதேர்ந்த ஆள் கிடைக்கமாட்டார்.

"வயர்லெஸ் வேலை செய்யலைன்னு தம்பி உங்ககிட்ட மனு குடுத்தான் சார்."

"எந்த மனு? தபால் பதிவேட்ல இருக்கா?"

"உங்க கையில குடுத்தான். மூணு வாரத்துக்கு முன்னாடி, பழைய ஏட்டய்யா அடக்கத்தன்னைக்கு. என் கண்ணால பாத்தேன்."

"கண்ணு பாத்தது காகிதம் ஆகாதும்மா. அப்படி ஒரு மனு இருந்தாக் கொண்டாங்க, அந்த நிமிஷமே நான் வேலைய விட்டுப் போறேன்." அவர் பேனாவை மூடினார். "அப்புறம், என் விழாக் கோட்டு உங்க தம்பி சம்சாரம் கடையிலதான் கிடக்கு. இடுப்புல கொஞ்சம் பிரிச்சுவிடச் சொல்லிக் குடுத்து ரெண்டு வாரமாச்சு. நாளைக்குப் போடணும். நாலரைக்கு டிரைவர அனுப்பறேன். கையெழுத்துப் போட்ட கடுதாசியையும் அவன்கிட்டயே குடுத்து விட்டுடுங்க."

கேட்டீர்களா? புருஷனைச் சாகக் கொடுத்தவள், அவன் அடக்கத்துக்கு இவர் போட்டுக்கொண்டு வர, இவருடைய தொப்பைக்குக் கோட்டுப் பிரித்துத் தைக்க வேண்டுமாம்! வெட்கம் என்று ஒன்று இருந்தால் அந்த நாற்காலிக்கு அடியிலாவது கிடந்திருக்கும். கொடியக்கா குனிந்து பார்க்காத குறையாக வெளியே வந்தாள்.

*

பதினொரு மணிக்கு மைதானத்தில் ஒத்திகை.

ஒத்திகைக்குக் காலிப் பெட்டியைத் தூக்கிப் பழகினால், மறுநாள் நிஜப் பாரம் தோளில் ஏறும்போது நடை தடுமாறும். அதனால் இறந்தவரின் எடைக்கு மணல் மூட்டையை நிறுத்து உள்ளே வைக்க வேண்டும் என்பது கொடியக்கா வைத்த வழக்கம். எழுபத்து நான்கு கிலோ. இந்தத் தடவை அந்த மணலை அவளே அள்ளி, அவளே தராசில் வைத்தாள். முள் எழுபத்து நான்கில் நின்றதும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மூட்டையின் வாயைக் கட்டினாள்.

ஆறு பேர் தூக்கினார்கள். பன்னிரண்டு அடி நடப்பதற்குள் இடது முன்பக்கத்து ஆள் தோளிலிருந்து பெட்டியை நழுவவிட்டு, ஓரமாக ஓடிப்போய் வாந்தி எடுத்தான். ரோந்தில் சின்னவனுக்கு ஜோடி அவன்தான். எல்லோருக்கும் நெட்டையன்.

கொடியக்கா தண்ணீர் பாட்டிலோடு போய் அவன் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள். 'அழாதே' என்று அவள் யாரிடமும் சொல்வதில்லை. 'உன் வேதனை புரியுது' என்றும் சொல்வதில்லை. வாய் கொப்பளித்து முடிக்கும்வரை பாட்டிலின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"அன்னைக்கு நான் அவன்கூட இருந்திருக்கணும் அக்கா."

"ம்."

"இஸ்திரி வீட்டுக்குப் புது சோஃபா வந்துச்சு. மாடிக்குத் தூக்கணும்னு என்னைய ரோந்துலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டாங்க. மாடிப்படி வளைவுல மாட்டிக்கிச்சு அக்கா அந்தச் சனியன். ஒண்ணரை மணி நேரம். அங்க அவன் செத்துட்டிருக்கான், இங்க நான் 'கொஞ்சம் சாய்ங்க, கொஞ்சம் தூக்குங்க'ன்னு..." அவனால் முடிக்க முடியவில்லை. "அந்த வீட்டையே கொளுத்திப் போட்டுடுவேன் அக்கா. சத்தியமாச் சொல்றேன்."

"கொளுத்தினா நீ உள்ள போவே. அவர் வேற சோஃபா வாங்குவார்."

"அப்ப நாம சும்மாவே இருக்கறதா?"

அவளுக்குள்ளும் அதே கேள்விதான் காலையிலிருந்து குடைந்துகொண்டிருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி, நாலு பேர் முன்னால் அந்த ஆளைக் கேட்டுவிட வேண்டும். அப்புறம் வேலை போனாலும் போகட்டும்.

"பெட்டியத் தூக்க வேற ஆளப் போடறேன். நீ அவன் தொப்பிய ஏந்திக்கிட்டு முன்னாடி நட. தொப்பி கனமில்ல, ஆனா ரெண்டு கையும் வேணும். கைக்கு வேலை இருந்தா மனசு கொஞ்சம் நிக்கும்."

நெட்டையன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

மேடை ஒத்திகையில், கொடியக்கா எழுதிய நடைமுறைப் புத்தகத்தின் பத்தொன்பதாவது படி வந்தது. கொடியைக் கொடுக்கும் அதிகாரி, தன் கோட்டின் இடது உள்பாக்கெட்டிலிருந்து பணிக்குறிப்பை எடுத்து, உரக்கப் படித்து, அந்தத் தாளை ஆணையர் கையில் கொடுக்க வேண்டும். அதன் பிறகே கொடி. அந்தத் தாளைக் கொடியக்காதான் தன் கையால் அதிகாரியின் பாக்கெட்டில் வைப்பாள். முதல் வருஷம் ஒருவரை நம்பி விட்டுவிட்டாள். அவர் மேடையில் பாக்கெட்டைத் துழாவி, சலவைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்து, 'சட்டை நான்கு, ஜமுக்காளம் ஒன்று' என்று கம்பீரமாகப் படித்துவிட்டார். அன்றிலிருந்து இது அவள் கை வேலை.

*

மதியம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா தரையில் உட்கார்ந்து சின்னவனின் பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார். போலீஸ் ஜீப் டிரைவராக முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த பூட்ஸ் காலையிலேயே பளபளத்தது. அவர் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கடிதத்தை அவரிடம் கொடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய, இரண்டு தடவை படித்தார்.

"பேனா இருக்கா?"

"அப்பா!"

"என் புள்ள கொடி போத்தாம போகக்கூடாதும்மா. எத்தனை பேர் பெட்டிக்கு முன்னாடி நான் ஜீப் ஓட்டியிருக்கேன். எம்புள்ளைக்கு மட்டும் நாலு பேரு தூக்கிட்டுப் போறதா?"

"கையெழுத்துப் போட்டா, தப்பு பண்ணினது தம்பிதான்னு ஆயிடும்பா. காலத்துக்கும் நிக்கும்."

"செத்தவனுக்கு எந்தத் தப்பு, எந்தச் சரி?" என்றார். சொல்லிவிட்டு, அது தனக்கே பிடிக்காமல், மறுபடி பூட்ஸைத் தேய்க்க ஆரம்பித்தார்.

முன் அறையில் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. நான்கு நாட்களில் முதல் தடவையாக.

அந்த முன் அறைதான் சின்னவன் மனைவியின் தையல் கடை. நிலையத்தில் பாதிப் பேருக்கு உடுப்பு பிரித்துத் தைப்பது அவள்தான். முகம் வீங்கி, தலை கலைந்து, ஆனால் கை மட்டும் கோணாமல் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மிஷினில் இஸ்திரி ஐயாவின் கோட்டு.

கொடியக்கா வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, மேஜை மேலிருந்த குடும்ப விருப்பப் படிவத்தை எடுத்தாள். பன்னிரண்டு கேள்விகள் கொண்ட அந்தப் படிவத்தை எழுதியதே அவள்தான். ஆறாவது கேள்வி: கொடியை யார் கையால் வாங்க விரும்புகிறீர்கள்? ஏழாவது: யாராவது வரக்கூடாது என்று நினைக்கிறீர்களா? ஏழாவதில் யார் இருந்தாலும் அவர் வாசலோடு சரி, ஆணையர் ஒப்புக்கொண்ட விதி அது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரே ஓர் அம்மாள் மட்டும் அதில் தன் மாமியாரை எழுதியிருக்கிறாள். நேற்று இரண்டையும் காலியாக வைத்துத் தம்பி மனைவியிடம் கொடுத்தபோது, ஏழாவதில் யார் வரப்போகிறார் என்று கொடியக்காவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கொடியும் துப்பாக்கியும் போனாலும் போகட்டும், அந்த ஆள் ஊரறிய வாசலில் நிற்கட்டும் என்றுதான் மைதானத்திலிருந்து வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

ஏழாவதில் 'யாருமில்லை' என்று இருந்தது. ஆறாவதில் இஸ்திரி ஐயாவின் பதவி, கொட்டை எழுத்தில்.

"என்னடி இது?"

மிஷின் நிற்கவில்லை.

"உனக்குச் சூடு சொரணை இருக்கா? உன் புருஷன அனுப்பிச் சாகடிச்சவன் கையால கொடி வாங்கப் போறியா? அவன் கோட்ட வேற மடியில போட்டுக்கிட்டுத் தைக்கறே! என் தம்பி ரத்தம் இன்னும் காயலடி!"

"கத்தாதீங்க அண்ணி. மாமா காதுல விழும்."

"விழட்டும்!"

தையல்காரி மிஷினை நிறுத்தினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். துணி அளக்கும் நாடாவுக்கு அடியிலிருந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"யாரோட துணியா இருந்தாலும் பிரிக்கறதுக்கு முன்னாடி நான் பாக்கெட்டப் பாத்துடுவேன். இந்தக் கோட்டு ரெண்டு வாரமா அந்த ஆணியில தொங்குச்சு. இன்னைக்குத்தான் தொட்டேன். இடது உள்பாக்கெட்ல இருந்துச்சு."

சின்னவனின் கையெழுத்து. கோழி கிளறியது போல என்று அவள் எப்போதும் கேலி செய்யும் அதே கையெழுத்து.

'ஐயா, எனது வயர்லெஸ் கருவி ஒரு வாரமாக வேலை செய்யவில்லை. இருமுறை வாய்மொழியாகத் தெரிவித்தும் மாற்றித் தரப்படவில்லை. மேலும் என்னுடன் ரோந்து வரவேண்டிய காவலர் அடிக்கடி வேறு வேலைகளுக்கு அனுப்பப்படுகிறார். தனியாகச் செல்லும் காவலருக்கு ஏதேனும் நேர்ந்தால் அதைத் தெரிவிக்கக்கூட வழியில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

அடியில் பச்சை மை. இஸ்திரி ஐயாவின் சுருக்கொப்பம், தேதி, இரண்டே வார்த்தை: 'பார்த்தேன். பிறகு.'

பிறகு! ஒரு உயிரை அந்த ஒரு வார்த்தையில் மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அப்புறம் அப்படி ஒரு மனுவே இல்லை என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மகாராஜன்!

கொடியக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு ஏட்டய்யா அடக்கத்தில், அணிவகுப்பு கலைந்ததும் தம்பி, இதே கோட்டில் நின்ற இஸ்திரி ஐயாவிடம் ஓடியதை அவள் பார்த்திருந்தாள். திரும்பி வந்தவனைப் பிடித்து, 'சாவு நடக்கற இடத்துல மனு குடுக்கறியா, மரியாதை தெரியாதவனே' என்று திட்டியும் இருந்தாள். 'வேற எங்க அக்கா அவரப் புடிக்கறது?' என்று சிரித்தான். கோட்டு இங்கே வந்த பிறகு பத்து நாள், அவன் தினமும் வேலைக்குப் போகும்போது இந்த ஆணியைத் தாண்டித்தான் போயிருக்கிறான். அவன் மனு அவன் வீட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் அழுதாள். நான்கு நாட்களாக வராத அழுகை, கேவிக் கேவி வந்தது. தையல்காரி எழுந்து வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"இப்பவே ஆணையர் ஆபீசுக்குப் போறேன்" என்று கொடியக்கா எழுந்தாள்.

"போனா? விசாரணைக்கு அனுப்புவாங்க. விசாரிக்கறவர் யாரு? இஸ்திரியோட சம்பந்தி. புருஷன் செத்தப்புறம் பொண்டாட்டி உக்காந்து எழுதினது, கையொப்பம் என்னுது இல்லன்னுடுவார். என் கையில இருந்தா இது வெறும் காகிதம் அண்ணி." தையல்காரி கோட்டை எடுத்து விரித்தாள். இடது பக்கத்து உள்பாக்கெட் வாயைத் திறந்துகொண்டிருந்தது. "அவர் பாக்கெட்லேர்ந்து, அவர் கையாலயே, ஆணையர் கண்ணு முன்னாடி வந்தா?"

கொடியக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"பத்தொன்பதாவது படி" என்றாள் தையல்காரி. "உங்க தம்பி கூடத்துல நின்னு உங்கள மாதிரியே பேசி நடிச்சுக் காட்டுவாரு. 'இடது உள்பாக்கெட்! எடு! படி! ஆணையர் கையில் கொடு!' எனக்கு எல்லாப் படியும் மனப்பாடம்."

முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. ஊமைக்குசும்பு என்று இந்தப் பெண்ணைக் கல்யாணத்தன்றே மாமியார், போய்ச் சேர்ந்த மகராசி, சொன்னது சும்மா இல்லை.

"முப்பத்தேழு பேரு" என்றாள் கொடியக்கா மெதுவாக. "ஒரு பிசகு விட்டதில்ல. சாவு வீட்டச் சண்டைக்களமா ஆக்கறவங்கள நானே வெளிய அனுப்பியிருக்கேன். என் தம்பிக்கு மட்டும் நானே அதச் செய்யச் சொல்றியா?"

"சண்டை போட வேணாம் அண்ணி. சத்தமே வேணாம். உங்க புத்தகத்துல இருக்கற மாதிரியே ஒரு அடி பிசகாம நடக்கட்டும். தாளு மட்டும் இது. உங்க தம்பி எழுதினத அவர் படிக்கவேயில்ல. நாளைக்கு ஒரு தடவ படிக்கட்டுமே."

கொடியக்கா மறுபடி அந்தத் தாளைப் பார்த்தாள். 'பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' பணிவு! தம்பிக்கும் பணிவுக்கும் ஏழாம் பொருத்தம். யாரிடமோ கேட்டுத்தான் அந்த வார்த்தையை எழுதியிருப்பான். அதை நினைத்ததும் அவளுக்குள் ஏதோ இறுகிக் கட்டியானது. பிறகு என்று எழுதினாயல்லவா? அந்தப் பிறகு நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறதப்பா.

"அவர் மேடை ஏறணும்னா இந்தக் கடுதாசியில கையெழுத்துப் போடணும்" என்றாள்.

"போடுவோம். புலி பதுங்கறது எதுக்காம்?"

வாசற்படியில் நிழல் ஆடியது. அப்பா ஒரு கையில் பூட்ஸோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. உள்ளே வந்து, மேஜை மேலிருந்த பேனாவை எடுத்தார்.

"முதல் கையெழுத்து என்னுது. முப்பத்திரண்டு வருஷம் இவனுங்களுக்கு ஜீப் கதவத் திறந்து விட்டேன். நாளைக்கு ஒருநாள் சாத்தறேன்."

கொஞ்ச நேரம் முன்னால் கொடிக்காகப் பேனா கேட்ட மனிதர், இப்போது ஆணி அடித்த மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

*

மனுவை நான்கு கோணத்தில் படம் பிடித்தார்கள். ஒரு நகலை அப்பா தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னொன்று நெட்டையனுக்குப் போனது, தொப்பிக்கு அடியில் வைத்துக்கொள்ள.

அசலைக் கொடியக்கா தன் கையாலேயே மடித்தாள். பணிக்குறிப்பை மடிப்பது போல மூன்றாக, எழுத்து உள்பக்கம் போக. இடது உள்பாக்கெட்டில் வைத்தாள். பன்னிரண்டு வருஷம் செய்த வேலை, கை தானாகச் செய்தது. தையல்காரி பாக்கெட்டின் வாயில் ஒரே ஒரு ஓட்டுத் தையல் போட்டாள்.

"சும்மா கைய விட்டு நோண்டாம இருக்கட்டும். மேடையில லேசா இழுத்தா அறுந்துடும்."

நாலரைக்கு டிரைவர் வந்தார். கோட்டை உறையோடு, கடிதத்தைக் கவரோடு வாங்கிக்கொண்டார். போகும்போது, "ஐயாவுக்கு அளவு சரியா இருக்குமாம்மா?" என்று கேட்டார்.

"கச்சிதமா இருக்கும்" என்றாள் தையல்காரி.

ஐந்தேகாலுக்குத் தகவல் வந்தது. முழு மரியாதை. ஆணையர் கையெழுத்தாகிவிட்டது. அப்பா அதைக் கேட்டுவிட்டு, பூட்ஸ் இரண்டையும் ஜோடியாகச் சுவர் ஓரம் வைத்தார்.

ஆறு மணிக்குக் கொடியக்காவின் போன் அடித்தது. இஸ்திரி ஐயா. அவள் ஒலிபெருக்கியில் போட்டாள். மூவரும் தையல் மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

"கோட்டு போட்டுப் பாத்தேன்மா. அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. அந்தப் பொண்ணுக்கு நல்ல கை."

"சொல்றேன் சார்."

"கையெழுத்தும் வந்துடுச்சு. பெரிய மனசு உங்களுக்கெல்லாம். ஆமா, அந்தப் பணிக்குறிப்பு?"

"உள்ளயே வெச்சாச்சு சார். இடது உள்பாக்கெட்."

"ஓ, பாக்கெட் தைச்சிருக்கே?"

"கோட்டு தொங்காம நிக்கறதுக்கு சார். மேடையில இழுத்தா வந்துடும்."

"ம். ஆணையர் முன்னாடி படிக்கறது. இப்ப ஒரு தடவ எடுத்துப் பாத்துக்கவா? தடுமாறக்கூடாது பாருங்க."

தையல்காரியின் விரல்கள் கத்தரிக்கோலின் மேல் இறுகின. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கொடியக்காவின் குரல் மட்டும் மாறவில்லை. முப்பத்தேழு வீடுகளில் பேசிப் பழகிய அதே அமைதியான குரல்.

"புதுசா ஒண்ணும் இல்ல சார். நீங்க ஏற்கெனவே பாத்து, கையெழுத்துப் போட்டதுதான்."

"அப்படியா? அப்பச் சரி."

அவர் போனை வைத்தார், ஆனால் சரியாக வைக்கவில்லை போலிருக்கிறது. நாற்காலி நகரும் சத்தமும், கோட்டுத் துணி உரசும் சத்தமும் கேட்டன. அப்புறம் அவர் யாரையோ கூப்பிட்டார்.

"ஏய், அந்தச் சின்னக் கத்தரிய எடுத்துட்டு வா. இங்க பாக்கெட் வாயில ஒரு நூலு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு."

தையல் மேஜையைச் சுற்றி நின்ற மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.